கொட்டை எழுத்து

தென்காசிப் பக்கம் ஒரு போட்டோகிராபர் இருந்தார். பெயர் சங்கரபாண்டியன். இரண்டு வருடமாக அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. ஊருக்கு அது தெரியாது. கண் தெரியாத போட்டோகிராபரை எந்தக் கல்யாண வீடு கூப்பிடும்?

அவருக்கு ஒரு குரு இருந்தாள். நசீமா. வயதில் அவருக்கு மகள் மாதிரி. பிறவியிலேயே பார்வை குறைவு. மானிட்டரில் மூக்கு இடிக்கிற அளவு குனிந்துதான் படிப்பாள். கண் மங்கினவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தருவது அவள் தொழில். சங்கரபாண்டியன் யாருக்கும் தெரியாமல் அவளிடம் போய்க் கற்றுக்கொண்டார்.

ஒருநாள் காலையில் ஸ்டுடியோக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கோமு என்ற பெண்ணின் கல்யாணப் படங்கள் அதில்தான் இருந்தன. கல்யாணம் முடிந்த மறுவாரம் அவளுடைய அப்பா மாரடைப்பில் போய்விட்டார். மகளுக்கு மாலை எடுத்துக் கொடுத்துச் சிரிக்கிறாரே, அதுதான் அவருடைய கடைசிப் படம். சாயங்காலம் கோமு வருவாள். படங்களை வாங்கிக்கொண்டு மஸ்கட் போகிறாள்.

நகல் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். ஸ்டுடியோவுக்கு வந்ததுமே நசீமா கேட்டுவிட்டாள். 

"படமெல்லாம் டிஸ்க்ல ரெண்டாவது பாகத்துலதான இருக்கு? மொதப் பாகத்துல மட்டும் புதுசா சிஸ்டம் போடுங்க. படத்துக்கு ஒண்ணும் ஆகாது."

"நீங்களே போட்டுத் தந்துருங்க டீச்சர். எனக்குப் பயமா இருக்கு."

"போன தடவ யாரு போட்டா?"

"நான்தான்."

"எப்படிப் படிச்சிய?"

"படிக்கல. அதுக்கு முந்தி மருமகன் போடும்போது எண்ணி வச்சிருந்தேன். அம்புக்குறியில ரெண்டு தட்டு கீழ, ஒரு என்டர். பெறவு இன்னொரு என்டர்."

"இப்பவும் அப்படித்தான் போடப் போறியளா?"

"வேற வழி? அந்தப் பொடி எழுத்து எனக்கு எறும்பு ஊருத மாதிரி இருக்கு." குரலைத் தாழ்த்திக் கேட்டார். "பயம் இல்லாம எப்படி என்டர் அடிக்கது, டீச்சர்? அத மட்டும் சொல்லுங்க."

குரு புது சிஸ்டம் இருந்த பென்டிரைவைச் சொருகிக் கம்ப்யூட்டரைப் போட்டாள். முதல் பக்கம் வந்ததும் ஒரே ஒரு எழுத்தைத் தட்டினாள். மானிட்டர் கறுத்து, எழுத்து வெள்ளையானது. மொழியைத் தமிழாக்கினாள். பிறகு கண்ட்ரோலை அமுக்கிக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டினாள். தட்டத் தட்ட எழுத்து வளர்ந்து பஸ் போர்டு மாதிரி ஆனது.

"இந்த வசதி சிஸ்டம் போடும்போதே இருக்கா?"

"எப்பவும் இருக்கு."

"எனக்கு யாருமே சொல்லலியே."

"நீங்க யார்ட்ட கேட்டிய?"

 எழுத்து பெரிதான சந்தோஷம் அவர் முகத்தில் இல்லை. அவர் கண் வாசலுக்குப் போனது. ஸ்டுடியோவும் மானிட்டரும் மெயின் ரோட்டைப் பார்த்து இருந்தன. எழுந்து போய் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு வந்தார்.

நசீமா போய் அதை மேலே ஏற்றினாள்.

"ஏன் டீச்சர்?"

"காத்து வரல."

சங்கரபாண்டியன் உட்கார்ந்தார்.  யாராவது பார்க்கிறார்களா என்று வாசலிலேயே கண்ணை வைத்துக்கொண்டு, வேலையை விரல்களிடம் விட்டார். டிஸ்க் பற்றிய பக்கம் வந்தது. ரெண்டு தட்டு கீழே. ஒரு என்டர்.

இது புதுப் பதிப்பு. நடுவில் யாரோ ஒரு வரியைக் கூட்டியிருந்தார்கள். விரலுக்கு அது எப்படித் தெரியும்? விரல் அடுத்த என்டர் மேல் போய் நின்றது.

டீ கொண்டுவந்த பேச்சிமுத்து வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"என்ன அண்ணாச்சி, முழுசையும் அழிக்கப் போறியளா?"

"என்னடே சொல்லுத?"

"அங்கன கொட்டை எழுத்துல போட்டிருக்குல்லா. டிஸ்க் முழுவதும் அழிக்கப்படும், தொடரவான்னு."

சங்கரபாண்டியன் பதறித் திரும்பினார். பதறினதில் விரல் என்டரில் விழுந்தது.

கோமுவின் அப்பா போய்விட்டார் என்றே நினைத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். உடம்பு வியர்த்துவிட்டது. திறந்து பார்த்தபோது அந்த எழுத்துகள் அப்படியே நின்றன. "தொடரவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தன.

கீபோர்டு வயர் குருவின் கையில் இருந்தது. எப்போது பிடுங்கினாள் என்று அவருக்குத் தெரியாது.

பேச்சிமுத்து டீயை வைத்துவிட்டு, ஒன்றும் புரியாமல் போனான்.

நசீமா வயரைத் திரும்பச் சொருகினாள். "முந்தின பக்கத்துக்குப் போங்க. வாய் விட்டுப் படிங்க."

அவர் படித்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி, ஒவ்வொரு வரியாக, சத்தமாக.  முழு டிஸ்க் என்று இருந்த வரியைத் தாண்டினார். முதல் பாகம் மட்டும் என்ற வரியை இரண்டு முறை படித்தார். பிறகு என்டரைத் தட்டினார்.

சிஸ்டம் ஏறி முடிகிறவரை டீயை அவர் தொடவில்லை. அது ஆடை கட்டிக் கிடந்தது. முடிந்ததும் இரண்டாவது பாகத்தைத் திறந்தார். கோமுவின் அப்பா மாலையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். சங்கரபாண்டியன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். துடைத்தது வியர்வை மட்டும் அல்ல.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வாசலைப் பார்த்தார்.

"பேச்சிமுத்து வாய் சும்மா கிடக்காது டீச்சர். மெயின் ரோடு பூராவும் படிச்சிருக்கும். எனக்குக் கண்ணு தெரியலன்னு இனி ஊருக்கே தெரிஞ்சிரும்."

நசீமா எழுந்து செருப்பைக் காலால் துழாவினாள்.

"ரோட்டுல போறவன் படிச்சான் அண்ணாச்சி. பக்கத்துல இருந்த நீங்க ஒருத்தர்தான் அதப் படிக்காம இருந்திய."