கொக்கி மாட்டிய கார்

சபாரத்தினத்துக்கு அறுபத்திரண்டு வயசு. அவருடைய குரு வடிவாம்பிகை அம்மாவுக்கு நாற்பது. மலை அடிவாரப் பள்ளிக்கூடத்தில் அவர் தலைமை ஆசிரியராக இருந்த காலத்தில், இந்த அம்மா அவரிடம் காதைத் திருகக் கொடுத்த பிள்ளை. இப்போது மலைமேல் மடத்தில் அவர் "அம்மா" என்று கும்பிடுவார். அம்மா மட்டும் "சார்" என்பதை விடவில்லை. என்ன செய்ய, பழக்கம்!

சபாரத்தினத்துக்கும் ஒரு பழக்கம் உண்டு. யார் எதற்குத் திண்டாடினாலும், "விடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்பார்.

மறுநாள் அடிவாரக் கோயிலில் தேர்த்திருவிழா அன்னதானம். மடத்துக் காட்டில் விளைந்த சாமை இருபது மூட்டை கீழே போகவேண்டும். லாரி வரவில்லை. சமையல்கார வீரபாகு கையைப் பிசைந்தார். இவர் சும்மா இருப்பாரா? சொல்லிவிட்டார்.

அவரிடம் இருந்ததோ குடும்பத்தோடு கோயில் குளம் போய்வர வாங்கிய கார். அதன் பின்னால் கொக்கி ஒன்றை வெல்டிங் வைத்து, ஒரு டிரெய்லரை இரவல் வாங்கி மாட்டினார்.

"டிக்கியில நாலு நாலு மூட்டையா வச்சு, அஞ்சு நடை போங்களேன்" என்றார் வீரபாகு.

"அஞ்சு நடையா? ஊர் சிரிக்கும்யா!"

இருபது மூட்டையும் டிரெய்லரில் ஏறின. கார் முக்கியது, முனகியது, பிறகு நகர்ந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"அம்மா! இவ்வளவு பாரத்தை இந்தக் கார் இழுக்குமான்னு காலையில கேட்டேன், நீங்க பதிலே சொல்லல. பாருங்க, இழுக்குது! நாலு மணிக்குக் கிளம்பினா நாலரைக்கு அடிவாரம்."

"டிரெய்லரைக் கழற்றுங்க, சார்."

கழற்றினார். மடத்து முற்றம் வாசலை நோக்கிச் சரிந்து இறங்கும். அம்மா அவருடைய சாப்பாட்டுக் கேரியரை எடுத்துப்போய் சரிவின் கீழே, மண்ணில் வைத்தார்.

"மேலேருந்து ஓட்டிக்கிட்டு வாங்க. வேப்பமரத்துக்கிட்ட பிரேக் போடுங்க."

வந்தார், மிதித்தார். கேரியருக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது.

"இப்ப டிரெய்லரோட வாங்க. அதே வேகம். அதே மரம்."

அதே வேகத்தில் வந்து, அதே மரத்தடியில் மிதித்தார். சக்கரம் சுற்றுவதை நிறுத்தியது. கார் நிற்கவில்லை. பின்னாலிருந்து யாரோ நெட்டித் தள்ளுவதுபோல் வழுக்கிக்கொண்டே போனது. நறுக்கென்று ஒரு சத்தம். எலுமிச்சம்பழச் சாதம் மண்ணில் கிடந்தது.

அவர் இறங்கி வந்தார்.

"பிரேக்கை முழுசா மிதிச்சேன், அம்மா. நிக்கல."

"பார்த்தேன்."

"கார்ல ஏதாவது கோளாறா?"

"நல்ல கார், சார். முதல்ல வந்தப்ப அழகா நின்னுச்சே."

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் பார்த்துக்கறேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேனே. நாளைக்கு ஜனம் பசியோட உக்காந்திருக்கும். மெதுவா ஓட்டறேன், அம்மா. உருட்டிக்கிட்டே போறேன்."

அம்மா நசுங்கிய கேரியரை எடுத்து மண்ணைத் தட்டினார்.

"அடிவாரத்துக்கு எத்தனை மணின்னு சொன்னீங்க?"

"நாலரை."

"கடைசி வளைவு எங்க சார் முடியுது?"

"நம்ம பள்ளிக்கூட வாசல்ல."

"மணி எப்ப அடிப்பாங்க?"

சபாரத்தினத்துக்கா தெரியாது? இருபது வருஷம் அந்த நாலரை மணியை அடிக்கச் சொன்னவர் அவர்தான்.

"மணி அடிச்சா நாங்க ரோட்டைப் பார்க்க மாட்டோம், ஒரே ஓட்டம். நீங்கதான் நடுரோட்டுல நின்னு கையை நீட்டுவீங்க. எப்பேர்ப்பட்ட வண்டியும் நிக்கும்."

கேரியரை அவர் கையில் கொடுத்தார்.

"இன்னிக்கும் நீங்க அங்க கையை நீட்டி நிக்கறதா வச்சுக்குங்க. உங்க வண்டி நிக்குமா, சார்?"

சபாரத்தினம் டிரெய்லரைக் கழற்றிவிட்டு, டிக்கியைத் திறந்தார்.