நிற்பதற்குப் பயந்தவர்

"நிற்காமல் ஓடுவது எப்படி, கோச்?"

வேதமூர்த்தி இதைக் கேட்காத காலையே கிடையாது.

ஹெப்சிபா தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "தெரியாது சார்," என்றார். ஓடத் தொடங்கினார்.

வேதமூர்த்தியும் பின்னால் ஓடினார். வேறென்ன செய்வது?

அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. மின்வாரியத்தில் செயற்பொறியாளர். ஹெப்சிபாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் பெசன்ட் நகர் கடற்கரையில் விடியற்காலையில் ஓட வரும் கூட்டத்துக்கு ஹெப்சிபாதான் குரு. நகர மாரத்தானில் வருடம் தவறாமல் பெண்களில் முதலாவதாக வருகிறவர். அந்தப் பெண் ஓட ஆரம்பித்தால் நிற்காது என்று ஊரே சொல்லும்.

வேதமூர்த்திக்கு வேண்டியதும் அது ஒன்றுதான்.

போன வருடம் அதே மாரத்தானில் அவர் மயங்கி விழுந்தார். கண் விழித்தபோது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் வெகுநாள் அதே பேச்சு. "சார், நடுரோட்டில கரண்ட் போயிடுச்சாமே?" என்று இளசுகள் சிரித்தார்கள்.

இந்த வருடம் பதிவு திறந்த அன்று காலையிலேயே இடங்கள் தீர்ந்துவிட்டன. வேதமூர்த்திக்கு ஓர் இடம் கிடைத்தது.

வீட்டில் கொண்டாட ஆளில்லை.

"இந்தத் தடவையும் ஆம்புலன்ஸ்ல போனீங்கன்னா ஆஸ்பத்திரி வாசலை நான் மிதிக்கமாட்டேன்," என்றார் மனைவி சுகந்தி. "நேரா பொண்ணு வீட்டுக்குப் போயிடுவேன்."

"இந்தத் தடவை நிற்கவே மாட்டேன், பாரு."

சுகந்தி அவரையே பார்த்தார்.

"நான் சொன்னது உங்க காதுல விழவே இல்லை."

மாரத்தானுக்கு முந்தைய நாள் அவர் மறுபடியும் குருவிடம் போனார்.

"கோச், விடிஞ்சா ஓட்டம். ஒரு வார்த்தையாவது சொல்லுங்க."

ஹெப்சிபா யோசித்தார்.

"ராத்திரி தயிர்சாதம் சாப்பிடுங்க, சார்."

வேதமூர்த்திக்குக் கோபம் வந்தது. ரகசியத்தைச் சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார்.

தயிர்சாதம்தான் சாப்பிட்டார்.

மறுநாள் இருட்டோடு ஓட்டம் தொடங்கியது. பறை அடித்தார்கள். கூட்டம் கூட்டமாக ஆட்கள் கிளம்பினார்கள். ஹெப்சிபா முன்வரிசையில் போய் மறைந்தார்.

வேதமூர்த்தி நன்றாகத்தான் ஓடினார். தண்ணீர் மேசைகளில் பிள்ளைகள் குவளையை நீட்டினார்கள். அவர் கையசைத்துவிட்டுத் தாண்டினார். ஒரு நொடி நின்றாலும் கால் பிடித்துக்கொள்ளும் என்று பயம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வெயில் ஏறியது. சட்டை முதுகோடு ஒட்டியது. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்கினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு புங்கமரத்தடியில், தண்ணீர் மேசைக்குப் பக்கத்தில், யாரோ ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

தாண்டிப் போன வேதமூர்த்தி திரும்பி வந்தார்.

"கோச்! விழுந்துட்டீங்களா?"

"இல்லை சார். உட்கார்ந்தேன்."

"ஏன்?"

"பின்தொடை இழுத்துச்சு. நின்னுட்டேன். வண்டி அனுப்பறேன்னு சொல்லியிருக்காங்க."

"கொஞ்சம் பல்லைக் கடிச்சிருந்தா ஜெயிச்சிருப்பீங்களே!"

"ஜெயிச்சிருக்கலாம்."

சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஒருவர் அடையாளம் கண்டுகொண்டு கத்தினார். "விட்டுடாதீங்க மேடம்! எழுந்திருங்க!"

ஹெப்சிபா அவருக்குக் கையசைத்தார். ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார்.

"வருத்தமா இல்லையா?"

"இல்லாம இருக்குமா? ஒரு வருஷ உழைப்பு."

வேதமூர்த்தி அவர் முகத்தில் அவமானத்தைத் தேடினார். வியர்வைதான் இருந்தது.

அப்போது வேதமூர்த்திக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"போன வருஷம் மாதிரியே இருக்கு. தலை சுத்துது. நான் என்ன செய்யட்டும், கோச்? ஓடட்டுமா? விட்டுடட்டுமா?"

"உங்க உடம்பு சொல்றது எனக்கு எப்படிக் கேட்கும் சார்?"

அவர் உட்கார்ந்தார். கண்ணை மூடினார்.

முதலில் ஒரே சத்தம். நிற்காதே, நிற்காதே என்று. ஒரு வருடமாக இரவும் பகலும் கேட்ட சத்தம். உட்கார்ந்துவிட்டவரிடம் அதற்கு மேல் சொல்ல அந்தச் சத்தத்திடம் ஒன்றுமில்லை. மெல்ல ஓய்ந்தது.

அதற்கும் அடியில் வேறொன்று, வெகு சின்னதாக, வெகு நேரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

வேதமூர்த்தி கண்ணைத் திறந்தார்.

"தாகமா இருக்கு," என்றார் ஆச்சரியத்தோடு. "தாகமா இருக்கு, கோச்!"

"அப்போ தண்ணி குடிங்க, சார்."

குடித்தார். உப்பு கரைத்த தண்ணீரும் கொடுத்தார்கள், அதையும் குடித்தார். நிழலில் கிடந்தார். வண்டி வந்து ஹெப்சிபாவை ஏற்றிக்கொண்டு போயிற்று. அதில் அவருக்கும் இடம் இருந்தது. ஏறவில்லை. எழுந்து நடந்து பார்த்தார். பிறகு கொஞ்சம் ஓடினார். மறுபடி நடந்தார்.

அவர் முடித்தபோது பந்தலைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அங்கே இருந்த ஒருவர் தேடி எடுத்து ஒரு பதக்கத்தைக் கழுத்தில் போட்டார்.

தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுகந்தி நின்றிருந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது.

"எல்லாரும் எப்பவோ வந்தாச்சு. ஒவ்வொரு ஆம்புலன்ஸா ஓடி ஓடிப் பார்த்தேன். இவ்வளவு நேரம் என்ன பண்ணினீங்க?"

"நின்னேன்," என்றார் வேதமூர்த்தி.