நண்பகலில் போட்ட தூண்டில்

முன்னொரு காலத்தில், வெண்கரை நாட்டில், ஆனி மாதம் பதினேழாம் நாள், வியாழக்கிழமை. வானத்தில் ஒரு மேகமும் இல்லை. மரத்தில் ஓர் இலையும் அசையவில்லை. நீரில் ஒரு சிற்றலையும் எழவில்லை. ஏரிக்கரை மணலைத் தொட்டால் விரல் கொப்பளிக்கும் அளவுக்கு வெயில் காய்ந்தது. அந்நாளில் தொடங்கிய கதையைத்தான் சொல்லப் போகிறேன். பெரியவர்கள் கேட்கலாம்; சிறியவர்கள் கேட்கலாம்; மீன் உண்ணாதவர்களும் கேட்கலாம்.

வெண்கரை நாட்டின் நடுவில் பெருந்தாழை ஏரி என்றோர் ஏரி இருந்தது. அதன் கரையில் சாத்தன் என்ற ஓடக்காரனும் அவன் மனைவி குவளையும் வாழ்ந்தார்கள். இருவரும் தூண்டில் போடுவதில் தேர்ந்தவர்கள். ஏரிக்கரை ஊரார் தூண்டிலைக் கையில் எடுப்பதற்கு முன்னர் வானத்தைப் பார்ப்பார்கள், காற்றைப் பார்ப்பார்கள், நீரைப் பார்ப்பார்கள். மூன்றும் ஒத்து வந்தால்தான் கரைக்குப் போவார்கள். முதலில் கிடைத்த மீனை எவரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. "வந்ததற்கு நன்றி, போய் வா" என்று சொல்லி, அதை ஏரிக்கே திருப்பிக் கொடுப்பது அவர்களுடைய வழக்கம்.

நண்பகலில் மட்டும் எவரும் தூண்டில் போடுவதில்லை. அது மீனுக்கு ஓய்வு நேரம். ஓடக்காரனுக்கு உணவு நேரம். குவளை கேழ்வரகுக் களியைச் சட்டியில் எடுத்து வந்து, மூடியின்மேல் அகப்பையால் மூன்று முறை தட்டுவாள். டங், டங், டங். நடு ஏரியிலிருந்து சாத்தன் துடுப்பால் ஓடத்தின் விளிம்பை மூன்று முறை தட்டுவான். டொக், டொக், டொக். "வருகிறேன்" என்பது அதன் பொருள். வந்தபின்னும் அவன் உடனே உண்ணமாட்டான். காக்கைக்கு ஒரு வாய், நாய்க்கு ஒரு வாய், குவளைக்கு ஒரு பங்கு என்று கொடுத்த பிறகே தன் வாயில் வைப்பான்.

அந்த வியாழக்கிழமை நண்பகலில், கருங்கோலன் என்னும் மந்திரவாதி கரைக்கு வந்தான். அவன் கையில் கரிய கோல் ஒன்று இருந்தது. நினைத்தது நினைத்தபோதே நடக்கவேண்டும் என்பது அவன் குணம்.

"ஏ ஓடக்காரா! எனக்கு இப்போதே ஒரு விரால் வேண்டும். பிடித்துக் கொடு!"

சாத்தன் களிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். "ஐயா, நண்பகலில் மீன் கடிக்காது. வெயில் தாங்காமல் எல்லாம் ஆழத்தில் கிடக்கும். பொழுது சாயட்டும், ஒன்றுக்கு இரண்டாகப் பிடித்துத் தருகிறேன். அதுவரையில் ஒரு வாய் களி உண்ணுங்கள்."

"எனக்கு வேளை சொல்ல நீ யார்?" என்று கருங்கோலன் சீறினான். கோலை மூன்று முறை தரையில் தட்டினான். "நண்பகலில் மீன் கடிக்காது என்று என் கோலின் முன் எவன் சொன்னாலும் அவன் மீனாகட்டும்!"

சொல்லி வாய் மூடுவதற்குள் சாத்தனைக் காணவில்லை. அவன் நின்ற இடத்தில் ஒரு விரால் துள்ளியது. துள்ளி ஏரிக்குள் விழுந்தது.

குவளை அழுதாள், மன்றாடினாள், மந்திரவாதியின் வழியை மறித்து நின்றாள். கட்டிய மந்திரத்துக்கு அவிழ்க்கும் வழியையும் சொல்லியாகவேண்டும் என்பது மந்திரவாதிகளுக்கு விதி. ஆகவே கருங்கோலன் ஒரு வெள்ளித் தூண்டில் முள்ளை அவள்முன் எறிந்தான்.

"மீனான ஒருவனுக்காக இம்முள்ளை மூன்றே முறை நீரில் போடலாம். உன் கணவனைக் கரைக்கு இழுத்தால் அவன் மனிதன் ஆவான். வேறு மீன் அகப்பட்டால், 'நான் அவனல்லேன்' என்று அது தன் வாயாலேயே உனக்குச் சொல்லும். அதையும் கேட்டு அழு! ஏரி நிரம்பி, மிகுநீர் வெளியேறும் கலிங்கு வழியும் நாளே கெடு. அன்று உன் விரால் வெள்ளத்தோடு ஆற்றுக்குப் போகும். ஆற்றோடு தொலைந்து போகும்."

குவளை கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். வானத்தைப் பார்த்தாள், காற்றைப் பார்த்தாள், நீரைப் பார்த்தாள்.

நான்கு நாள்கள் காத்திருந்தாள். ஆனி இருபத்தொன்றாம் நாள் விடியற்காலையில் மெல்லிய மேகம் மூடியிருந்தது. தென்மேற்கிலிருந்து இளங்காற்று வீசியது. காற்று எந்தக் கரையை நோக்கி வீசுகிறதோ அந்தக் கரையில்தான் பூச்சியும் பாசியும் ஒதுங்கும். மீனும் அங்கேதான் வரும். குவளை வடகிழக்குக் கரையில் அமர்ந்தாள். முள்ளில் மண்புழுவைக் கோத்தாள். இதைவிட நல்ல வேளை அந்த ஆண்டிலேயே வாய்த்ததில்லை.

தக்கை அமிழ்ந்தது. இழுத்தாள். வந்தது ஒரு கெண்டை.

"அக்கா, மன்னிக்கவேண்டும். நான் அவரல்லேன்," என்றது கெண்டை.

மூன்றில் ஒன்று போயிற்று. ஆனாலும் வழக்கத்தை அவள் விடவில்லை. முள்ளை நோகாமல் கழற்றினாள். "வந்ததற்கு நன்றி, போய் வா," என்றாள்.

நீரில் விட்ட கெண்டை போகாமல் நின்றது. "இதுவரையில் ஒருவரும் எனக்கு நன்றி சொன்னதில்லை. அதற்காக ஒரு செய்தி சொல்கிறேன். உன் புழுவைக் கண்டு நாங்கள் இருபது பேர் பாய்ந்தோம். உன் கணவரும் அங்கேதான் இருந்தார்."

"இருந்தாரா? அப்படியானால் ஏன் கடிக்கவில்லை?"

"எங்களுக்குப் பின்னால் நின்றார், அக்கா. நாங்கள் உண்ட பிறகு உண்ணலாம் என்று நின்றதைப் போல இருந்தது. மேலும், புழுவைக் கண்டால் அவர் முகத்தைச் சுளிக்கிறார். இத்தனை மரியாதையுள்ள விராலை நாங்கள் கண்டதேயில்லை!"

அழுகைக்கு நடுவிலும் குவளைக்குச் சிரிப்பு வந்தது. மீனானபோதும் சாத்தன் சாத்தனாகவே இருந்தான்.

இரண்டாம் முறை அவள் புழுவை எடுக்கவில்லை. சாத்தனுக்குப் பிடித்த கேழ்வரகுக் களியைக் கெட்டியாகப் பிசைந்து உருட்டி வைத்துக்கொண்டாள். மலையில் மழை பெய்யும் நாளுக்காகக் காத்திருந்தாள். ஆடி மூன்றாம் நாள் மாலையில், ஓடை வழியாகப் புதுநீர் செந்நிறமாக ஏரிக்குள் இறங்கியது. புதுநீர் இறங்கும் வாயில் மீனெல்லாம் எதிரேறி வரும். குவளை அவ்வாயில் அமர்ந்து, சட்டியின் மூடியை மூன்று முறை தட்டினாள். டங், டங், டங். முள்ளை நீரில் விட்டாள்.

சற்றுத் தொலைவில் ஒரு வால் நீரை மூன்று முறை அடித்தது. டொக், டொக், டொக்.

"வருகிறார்!" என்று அவள் எழுந்தாள். அந்நொடியே தக்கை அமிழ்ந்தது. வெடுக்கென்று இழுத்தாள். வந்தது மீசை வைத்த ஒரு கெளுத்தி.

"அம்மா, நான் அவரல்லேன்," என்றது கெளுத்தி. "களி நன்றாகத்தான் இருந்தது. உப்புத்தான் சற்றுக் குறைவு."

குவளை கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு முள்ளைக் கழற்றினாள். "வந்ததற்கு நன்றி," என்றாள். "போய் வா."

கெளுத்திக்கு வெட்கமாகப் போயிற்று. "கலங்கல் நீரில் எனக்கு மணம்தான் தெரியும், அம்மா, முன்னால் நிற்பவர் யார் என்று தெரியாது. நான் நுழையாமல் இருந்திருந்தால் அவர்தாம் கடித்திருப்பார். களிக்கு ஒரு முழத் தொலைவில் நின்றார்."

"நீங்கள் எல்லாரும் எப்போதுதான் பசியில்லாமல் இருப்பீர்கள்?" என்று குவளை கேட்டாள்.

"காற்று நின்று, வெயில் உச்சியில் ஏறி, மேல்நீர் கொதிக்கும்போது. அப்போது நாங்கள் அடிச்சேற்றில் கிடப்போம். அரசர் வீட்டு விருந்தே வந்தாலும் அசையமாட்டோம்," என்று சொல்லிக் கெளுத்தி மறைந்தது.

குவளைக்கு அப்போதுதான் புரிந்தது. எல்லா மீனும் கடிக்கும் வேளையை அவள் இரண்டு முறை தேர்ந்தெடுத்தாள். அதுதான் பிழை. பெருந்தாழை ஏரிக்கரையில் பிறந்த எவரும் அப்பிழையைச் செய்திருப்பார்; நல்ல வேளை பார்த்தே பழகிய கண்கள் அல்லவா! அவளுக்கு மீன்கள் வேண்டா. ஒரே ஒருவர்தாம் வேண்டும். எந்த மீனும் வராத வேளையில், சட்டியின் ஓசையைக் கேட்டு வருபவர் அவர் ஒருவரே.

எனவே, காற்றில்லாத, மேகமில்லாத ஒரு நண்பகலுக்காகக் குவளை காத்திருந்தாள்.

ஆனால் அது ஆடி மாதம். நாள்தோறும் மேகம், நாள்தோறும் இளங்காற்று, நாள்தோறும் தூறல். தூண்டில்காரர்களுக்கெல்லாம் கொண்டாட்டம். பக்கத்து வீட்டு மாடலன் தோளில் மீன்கூடையோடு வந்து நின்றான்.

"குவளை, கண் இருக்கிறதா உனக்கு? கல்லைக் கட்டிப் போட்டாலும் கடிக்கிற நாள் இது! நீ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே!"

"உங்கள் நாள் இது, அண்ணா. என்னுடைய நாள் இன்னும் வரவில்லை."

"ஏரி நிரம்பிய பிறகு வருமோ?"

அவன் கேட்டதில் தவறில்லை. ஏரி ஏறிக்கொண்டே இருந்தது. கலிங்குக்கு ஒரு முழம் இருந்தது. பிறகு ஒரு சாண் இருந்தது. பிறகு நான்கு விரல் இருந்தது.

ஆடி பதினாறாம் நாள், இரண்டு விரல் மிச்சம் இருந்தபோது, காற்று நின்றது. மேகம் விலகியது. வெயில் சுள்ளென்று அடித்தது. குவளை களிச் சட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். அன்று களியில் உப்பைச் சரியாகப் போட்டிருந்தாள். கரை வெறிச்சோடிக் கிடந்தது. மேற்கு மலைக்குப் பின்னால் மட்டும் ஒரு கருமேகம் தலை நீட்டியிருந்தது.

அவள் முள்ளில் களியை வைக்கும்போது நிழல் ஒன்று விழுந்தது. கருங்கோலன் கோலை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"என்ன செய்கிறாய்?"

"தூண்டில் போடுகிறேன், ஐயா."

"இந்த வெயிலிலா?" அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஏன் ஐயா, இப்போது போட்டால் என்ன?"

"மடப்பெண்ணே! இது கூடவா தெரியாது? நண்பகலில் மீன் கடிக்காது!"

கோல் ஒருமுறை நடுங்கியது, இரண்டுமுறை நடுங்கியது, மூன்றாம் முறை இரண்டாக முறிந்தது. கருங்கோலனைக் காணவில்லை. சுடுமணலில் விரல் நீள அயிரை மீன் ஒன்று கிடந்து துடித்தது.

குவளை அக்கேள்வியைத் திட்டமிட்டுக் கேட்டாளா, இயல்பாகக் கேட்டாளா என்பது தெரியாது. அவள் அதைப் பிறகும் எவரிடமும் சொல்லவில்லை.

கருமேகம் சூரியனை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. ஏரி விளிம்பு இருபது அடித் தொலைவில் இருந்தது. அயிரையை விட்டுவிட்டுத் தூண்டிலை வீசியிருந்தால் அவளைக் குறை சொல்பவர் யார்? ஆனால் அன்று அவள் கண்ட முதல் மீன் அது. இரு கைகளாலும் அள்ளினாள், ஓடினாள், நீரில் விட்டாள். "வந்ததற்கு நன்றி, போய் வா," என்றாள். வெடுக்கென்று சொல்லவில்லை, மற்ற இரண்டுக்கும் சொன்னதைப் போலவே சொன்னாள்.

பிறகு திரும்பி ஓடி வந்து மூடியைத் தட்டினாள். டங், டங், டங்.

முள் நீரில் விழுந்தது. ஏரி கண்ணாடியைப் போலக் கிடந்தது. கெண்டை வரவில்லை, கெளுத்தி வரவில்லை, குஞ்சு மீன் ஒன்றும் வரவில்லை. மேகத்தின் நிழல் மேற்குக் கரையைத் தொட்டது. நடு ஏரியை நோக்கி நகர்ந்தது. குவளை மூச்சை அடக்கிக்கொண்டாள்.

நெடுந்தொலைவில் ஒரு வால் நீரை அடித்தது. டொக். அருகில் ஒரு முறை. டொக். தக்கைக்குப் பக்கத்தில் ஒரு முறை. டொக்.

கொதிக்கும் மேல்நீரைப் பிளந்துகொண்டு ஒரு விரால் வந்தது. களியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. யாருக்காவது கொடுக்கவேண்டுமோ என்று இருபுறமும் பார்த்தது. ஒருவரும் இல்லை. வாயைத் திறந்து களியைக் கவ்வியது.

குவளை இழுத்தாள். விரால் மணலைத் தொட்டது. தொட்ட இடத்தில், தலைமுடியிலிருந்து நீர் சொட்ட, உதட்டில் ஒரு சிறு காயத்தோடு சாத்தன் உட்கார்ந்திருந்தான்.

சாத்தன் வாயிலிருந்த களியை விழுங்கிவிட்டு, "உப்பு இன்றைக்குச் சரியாக இருக்கிறது," என்றான். பிறகு புன்னகையோடு கேட்டான்: "வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, குவளை. எனக்கு என்ன சொல்லப் போகிறாய்?"

"வந்ததற்கு நன்றி," என்றாள் குவளை. "போகவேண்டா."

அதன் பிறகு நடந்தவை இவை. அன்று மாலை மழை பெய்தது. மறுநாள் காலையில் கலிங்கு வழிந்தது. செய்தி கேட்ட வெண்கரை அரசர், பெருந்தாழை ஏரியில் நண்பகலில் எவரும் எவரிடமும் மீன் கேட்கக் கூடாது என்று ஆணையிட்டார். தாமும் அதற்கு உட்பட்டார். சாத்தனின் உதட்டுக் காயம் பத்து நாளில் ஆறியது. அந்த ஆண்டு முழுவதும் அவன் மீன் உண்ணவில்லை. தை மாதம் ஆறாம் நாள் மாலையில், குளிர்ந்த காற்று வீசும்போது, குவளை கருங்கோலனுக்காக அதே வெள்ளி முள்ளைப் போட்டு ஓர் அயிரையைப் பிடித்தாள். "அம்மா, அவசரமில்லை, உங்களுக்கு வசதிப்பட்டபோது கரையேற்றுங்கள்," என்று அது சொன்னது. கரையேற்றினார்கள், கருங்கோலன் கோலில்லாத மனிதனாக எழுந்தான். அவர்கள் கொடுத்த களியை உண்டான், நன்றி சொன்னான். கலிங்கின் அருகில் குடிசை போட்டுக்கொண்டு, ஓடங்களின் ஓட்டை அடைக்கும் வேலையைக் கற்றுக்கொண்டான். வெள்ளி முள்ளைக் குவளை வீட்டுக் கூரையில் செருகி வைத்தாள், மறுபடியும் எடுக்கவில்லை. நண்பகல்தோறும் மூடி மூன்று முறை ஒலித்தது. துடுப்பு மூன்று முறை விடை சொன்னது.