மூன்று தலைமுறைப் பேர்

தை அமாவாசை அன்று தங்கப்பழம் அண்ணாச்சி படித்துறையிலிருந்து பாதியில் திரும்பி வந்தார். வேட்டி நனைந்திருந்தது. எள் பொட்டலம் பிரிக்காமல் கையிலேயே இருந்தது. வந்ததும் வராததுமாகப் பெட்டியைத் திறந்து துணியை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

அவர் தங்கியிருந்த மடத்தில் நான் சமையல். சோறு வடித்த கையோடு போய், “இது என்ன கூத்து?” என்றேன்.

“தண்ணி விடுததுக்குப் பேரு கேட்டாரு ஐயரு. அப்பா, பாட்டன், பூட்டன். மூணு தலைமுறை.”

“சொல்ல வேண்டியதுதானே?”

“தெரிஞ்சாத்தானே மதினி சொல்லுவேன். என்னைய ஆஸ்பத்திரி வராந்தாவுலல்லா கண்டெடுத்தாவ.”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இரண்டு வருஷமாக அவருக்குச் சோறு போடுகிறேன், இது தெரியாது. ஐயரைக் குறை சொல்ல முடியாது. ஏதாவது சாமி பேரைச் சொல்லும், போதும் என்றுதான் சொல்லியிருக்கிறார். பின்னால் நின்றவர்கள்தான், சட்டுப்புட்டுன்னு ஆகட்டும்யா என்று அவசரப்படுத்தியிருக்கிறார்கள். இல்லாத அப்பனுக்குப் பொய்ப் பேர் வைக்க இவருக்கு மனசு வரவில்லை. கரையேறிவிட்டார்.

சத்தம் கேட்டுத் தில்லைநாயகி அம்மா வந்தார்கள். மடத்துக்கு அவர்கள்தான் குரு. அண்ணாச்சி ரிட்டயர் ஆன கண்டக்டர், அறுபத்திரண்டு வயது. அம்மா அவரைவிட இருபது வயது இளையவர்கள். காவி கட்டுவதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர்.

“எங்கே கிளம்பிட்டீங்க அண்ணாச்சி?”

“எங்கேயாவது. ஒரே ஒரு கேள்விம்மா. பதிலைச் சொல்லிட்டீங்கன்னா போயிருதேன்.”

“கேளுங்க.”

“எனக்கு யாரு இருக்கா?”

நானாக இருந்தால் சாமி இருக்கார் என்று சொல்லியிருப்பேன். அம்மா சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு மண்டையோட்டைக் கொண்டுவந்தார்கள். உரித்த தேங்காய் அளவுதான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த வைத்திருந்தது, வெறும் பிளாஸ்டர். மடத்துக்கு வருகிறவர்கள் அதைக் காளிக்கு உள்ளது என்று நினைத்துக் குங்குமம் அப்பிவிடுவார்கள். எலுமிச்சம்பழம்கூட வைப்பார்கள். துடைத்துத் துடைத்து எனக்குக் கைதான் வலிக்கும்.

அண்ணாச்சி இரண்டு அடி பின்னால் போனார். “பச்சப்பிள்ளை மண்டையாம்மா?”

“இல்லை. முப்பது வயசுப் பொம்பளை மண்டையோட அச்சு. உயரமே மூன்றரை அடிதான். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவில் இருந்தவங்க. கல்லை உடைச்சுக் கத்தி பண்ணத் தெரியும்.”

“குரங்கா, மனுசியா?”

“நம்ம மாதிரி இல்லாத மனுஷி.”

“பேரு?”

“தெரியாது.”

“அப்பா பேரு?”

“அதுவும் தெரியாது.”

அண்ணாச்சி இப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அவுக ஆளுக இப்ப எங்க இருக்காவ?”

“எங்கேயும் இல்லை. ஐம்பதாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே பூண்டோடு போயிட்டாங்க.”

“ஒருத்தர்கூடவா மிஞ்சலை?”

“ஒருத்தர்கூட இல்லை.”

அண்ணாச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “அப்ப கடைசியா ஒரு ஆளு இருந்திருக்கும்லா?”

“இருந்திருக்கும்.”

“தீவு பூராம் சுத்தியிருக்கும். ஒரு சத்தம் குடுத்தா, திருப்பிக் குடுக்க ஆளு இருந்திருக்காது.”

“ஆமாம்.”

“சாகும்போது பக்கத்துல யாரும்மா இருந்திருப்பா?”

அண்ணாச்சி அழுதார். முகத்தை மூடிக்கொள்ளாமல், சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். யாருக்காக அழுதார் என்று நான் கேட்கவில்லை.

“இவுகளுக்கும் நமக்கும் சொந்தம் உண்டாம்மா?”

“மேலே போகப் போக ஒரே பாட்டியில்தான் போய் நிற்கும். இருபது லட்சம் வருஷம் போகணுமோ என்னவோ, சரியாச் சொல்ல முடியலை. அவள் பிள்ளைகளில் ஒரு கிளை இவங்க. இன்னொரு கிளை நாம.”

“இவுகளுக்கு யாரு தண்ணி விடுதா?”

“இதுவரைக்கும் யாரும் விட்டதாத் தெரியலை.” அம்மா மண்டையோட்டை அவர் மடியில் வைத்தார்கள். “நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. பிள்ளைகுட்டி இல்லாமல் செத்தவங்களுக்கு யார் தண்ணீர் விடணும்? ஊரில் என்ன வழக்கம்?”

“இது தெரியாதா? பங்காளிதான்.”

பட்டென்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு வாய் அப்படியே நின்றுவிட்டது. முப்பத்துநாலு வருஷ சர்வீஸில் மற்ற கண்டக்டர்கள் எல்லாரும் பங்காளி வீட்டுச் சாவு, துட்டி, தீட்டு என்று லீவு எழுதிக் கொடுப்பார்களாம். இவர் ஒருதடவைகூட எழுதியதில்லை. பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார்.

அம்மா எள் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்கள்.

அண்ணாச்சி எழுந்தார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார். முகத்தில் காலையில் இருந்த அதே பயம்.

“என்ன பேரு சொல்லிம்மா விடுதது?”

“தீவில் செத்தவங்க யாரும் பேர் கேட்க மாட்டாங்க. பங்காளி வந்திருக்கேன்னு மட்டும் சொல்லுங்க.”