ராஜாவைத் தூங்க வைத்த கடைவீதி

முன்னொரு காலத்தில், ஊரார் கையில் காசு தங்காத ஒரு வருஷம், அந்த ஊர் ராஜாவின் கண்ணில் தூக்கமும் தங்காமல் போயிற்று. அரண்மனைக்குப் பின்னால் கடைவீதி. அதன் இரைச்சலைக் கேட்டபடியே மத்தியானம் கண்ணயர்வது அவர் வழக்கம். மழை பொய்த்து, வியாபாரம் படுத்து, கடைக்காரர்கள் ஈ ஓட்டத் தொடங்கியதும் இரைச்சல் அடங்கிவிட்டது. ராஜா கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தார்.

வியாபாரம் மந்தம் என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஊர் வயிறு காய்ந்தபோது தெரியவில்லை, பாவம்.

சபையைக் கூட்டி, கடைவீதிச் சத்தம் மறுபடி கேட்டாக வேண்டும் என்றார். விகடகவி மருதப்பனைக் கண்டாலே ஆகாத பொக்கிஷ அதிகாரி திருமேனிநாதர் இதுதான் சமயம் என்று எழுந்தார்.

"பிரபு, வாயாலேயே பிழைக்கும் மருதப்பனிடம் ஒப்படையுங்கள். பொக்கிஷத்தில் கை வைக்கக் கூடாது. கூலிக்கு ஆள் பிடித்துக் கத்த விடவும் கூடாது. வருகிற சந்தை நாளில் சத்தம் கேட்காவிட்டால், அவன் நாட்டை விட்டே போகட்டும்."

ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

மருதப்பன் பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கே போவது என்று யோசித்தபடியே கடைவீதிக்குப் போனான். ஜவுளிக்கடை உலகம்மாள் பட்டுத் துணிகளையெல்லாம் சாக்குக்கு அடியில் ஒளித்துவிட்டு வெறும் துண்டுகளை விரித்திருந்தாள். ஏன் என்று கேட்டான்.

"சனங்க விலை கேட்டுட்டு வாங்காமப் போறதுகூடப் பரவாயில்லைங்க. இந்தச் சபைக்காரங்க 'அரண்மனைக்கு'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு அள்ளிக்கிட்டுப் போயிடறாங்க. ராஜாகிட்ட போயி யாரு காசு கேக்கறது?"

மருதப்பனுக்கு வழி கிடைத்துவிட்டது. "நீதான் கேக்கணும். இந்த வீதியையே கூட்டிக்கிட்டு வா" என்றான்.

சந்தை நாள் மத்தியானம் ராஜாவின் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே கடைவீதி முழுவதும் திரண்டு நின்றது. நெய் கொடுத்தவர் நெய்க்குக் காசு கேட்டார், சந்தனம் கொடுத்தவர் சந்தனத்துக்குக் கேட்டார். தடுக்க வந்த திருமேனிநாதரின் அங்கவஸ்திரத்தை உலகம்மாள் எட்டிப் பிடித்து உருவிக்கொண்டாள்.

"அரண்மனைக்குன்னுதானே இதை எடுத்தீங்க? உங்க தோளு எப்ப அரண்மனையாச்சு?"

கூச்சல் காதைப் பிளந்தது. ராஜா குறட்டை விட்டுத் தூங்கினார்.

சாயங்காலம் அவர் தெளிந்த முகத்தோடு எழுந்து வந்ததும் திருமேனிநாதர் பொருமித் தீர்த்தார். மருதப்பன் பணிந்து சொன்னான்: "பிரபு, தாங்கள் கடைவீதிச் சத்தம் கேட்டீர்கள், கொண்டு வந்தேன். விற்றதற்குக் காசு கேட்பதும் வியாபாரம்தானே. இவர்களில் ஒருவரும் கூலிக்குக் கத்தவில்லை."

அந்த நெய்யும் சந்தனமும் அரண்மனைக்குள் வந்ததே இல்லை என்று விசாரித்ததில் தெரிந்தது. ராஜா திருமேனிநாதரின் வெறும் தோளைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். எடுத்தவர்கள் எல்லோரும் அங்கேயே மடியை அவிழ்க்க வேண்டியதாயிற்று.

பிறகு ராஜா, மருதப்பனுக்குப் பரிசாகக் கடைவீதியிலிருந்து ஒரு பட்டு வாங்கி வரச் சொன்னார். சேவகன் பழக்க தோஷத்தில் கேட்டான்: "அரண்மனைக்கு என்று சொல்லிவிடட்டுமா, பிரபு?"

சபையே தரையைப் பார்த்தது. ராஜா எழுந்து, தாமே கடைக்கு நடந்தார். உலகம்மாள் சாக்குக்கு அடியிலிருந்து நல்ல பட்டாக எடுத்து விரித்து, விலை சொன்னாள். பிறந்ததிலிருந்து எதற்கும் விலை கேட்டறியாத ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குறைக்கச் சொன்னார். அவள் கட்டாது என்றாள். அவர் எழுந்து போவதுபோலப் போய்த் திரும்பி வந்தார்.

அன்று கடைவீதியில் கேட்ட பெரிய சத்தம் அவருடையதுதான்.