ஆம், அதுவே என் கட்சி

செங்குளநாடு என்றொரு நாட்டை வெகு காலத்துக்கு முன்னால் கனகசேன ராஜா ஆண்டு வந்தார். அவருக்குக் காலையில் ஒரு குணம், மாலையில் ஒரு குணம். மந்திரி சடையப்பர் ஆட்டுச் சந்தையில் பேரம் பேசிப் பேசியே மேலே வந்தவர். ஏடு தொட்டதில்லை, அடிபட்டுப் படித்தவர். கோபமோ மூக்கின் மேல்.

தலைநகர் வித்தியாசாலையில் பௌர்ணமிதோறும் வாதம் நடக்கும். அங்கே பழைய வழக்கம் ஒன்று இருந்தது. ஒருவன் பேசியதை மறுக்க எழுகிறவர், முதலில் அவன் கட்சியை, அதாவது அவன் தரப்பு வாதத்தை, அவனே தலையாட்டும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். "ஆம், அதுவே என் கட்சி" என்று அவன் வாயால் வந்த பிறகுதான் மறுப்பு.

கீர்த்திவாசர் தலைமைப் பண்டிதரானதும் அந்த வழக்கத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. அரச காரியத்துக்கு மாறான கட்சியை மண்டபத்தில் எந்த வாய் உச்சரித்தாலும் நாடு கடத்தல் என்று ராஜாவிடம் ஆணை வாங்கிவிட்டார். அப்புறம் வாதம் எப்படி இருக்கும்? நீங்கள் சொல்வது சரி என்று ஒருவர், இல்லையில்லை, நீங்கள் சொல்வதுதான் மிகச் சரி என்று இன்னொருவர். ராஜா குறட்டை விட்டார்.

ஒரு பௌர்ணமியன்று திருமேனி என்ற மாணவன் எழுந்து, ஆற்றங்கரைச் சந்தையைக் கோட்டைக்குள் மாற்றுவது தவறு என்று பேசிவிட்டான். அது சடையப்பரின் திட்டம். அவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். மந்திரியார் ஆடு விற்ற காலத்தை மறந்துவிட்டார் என்று பையன் சொன்னபோது அவர் காது மடல் சிவந்தது.

கீர்த்திவாசருக்கு உள்ளூரக் குளிர்ந்தது. படிக்காத ஆள் ராஜாவுக்குப் பக்கத்தில் உட்காருவது அவருக்கு நெடுநாள் எரிச்சல். பையனையும் விரட்டி, அந்தப் பழியையும் மந்திரி தலையில் கட்டிவிடலாம். தண்டனையை மந்திரியாரே சொல்லட்டும் என்றார். ராஜாவும் கண்ணைக் கசக்கிக்கொண்டு சரி என்றார்.

ஒரு சொல் போதும், பையனுக்குப் படிப்பும் போகும், ஊரும் போகும். சடையப்பருக்கு அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் சந்தைப் புத்தி குறுக்கே விழுந்தது. விலையைக் குறைத்துக் கேட்டுச் சண்டை போடுகிறவனோடு எப்படியும் வியாபாரம் முடியும். வாயைத் திறக்காமல் எழுந்து போகிறவன் மனசில் என்ன இருக்கிறது என்று எந்த வியாபாரிக்குத் தெரியும்?

"பண்டிதரே, இவன் சொன்னது தப்பு என்கிறீர். வித்தியாசாலையின் வழக்கப்படி இவன் கட்சியை முதலில் நீர் சொல்லும். இவன் தலையாட்டட்டும், தண்டனையை நான் சொல்கிறேன்."

சந்தையே கூடாது என்றான் என்றார் கீர்த்திவாசர். பையன் தலையை அசைக்கவில்லை. மந்திரியைப் பழித்தான் என்றார். அதற்கும் அசையவில்லை. ராஜாவுக்குத் தூக்கம் முழுக்கக் கலைந்தது. அரைகுறையாகக் கேட்டுவிட்டா ஒருவனை விரட்டப் பார்த்தீர் என்று அதட்டினார்.

பண்டிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. நாவன்மை உள்ளவர்தானே. கோட்டை வாசலில் சுங்கம் கட்ட முடியாத கீரைக்காரிகள், கூடையோடு வெளியே நிற்கப் போகிறவர்கள், அவர்கள் இல்லாத சந்தையில் ஏறப்போகும் விலை என்று பொழிந்து தள்ளினார்.

"ஆம், அதுவே என் கட்சி" என்றான் திருமேனி. "நான்கூட இவ்வளவு நன்றாகச் சொல்லவில்லை."

"நல்லது. அந்தக் கட்சியை இந்த மண்டபத்தில் உச்சரித்த வாய் இப்போது இரண்டு" என்றார் சடையப்பர். "மகாராஜா, ஒரு வண்டி கட்டச் சொல்லவா, இரண்டு வண்டியா?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கீர்த்திவாசர் முகத்தில் ஈயாடவில்லை.

ஆனால் மந்திரி அதோடு விடவில்லை.

"தம்பி, இப்போது என் கட்சியை நீ சொல்."

பையன் தடுமாறினான். சுங்கம் வசூலிக்கத்தான் என்றான். சடையப்பர் அசையவில்லை. கோட்டைக்குள் இருப்பவர்கள் வசதிக்கு என்றான். அதற்கும் இல்லை. வெகுநேரம் யோசித்து, ஆறு பெருகினால் கரையில் கடை போட்டவர்களின் கதி என்ன என்ற கவலையாக இருக்குமோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். சடையப்பருக்குத் தலையாட்ட மனமே இல்லை. ஆடு விற்றதைச் சொல்லிக் காட்டியது இன்னும் சுட்டது. இருந்தும் ஆட்டினார்.

"ஆம். அதுவே என் கட்சி."

அப்படியானால் ஜெயித்தது யார் என்று ராஜா கேட்டார். இப்போதுதான் பேரமே தொடங்குகிறது என்றார் மந்திரி.

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டார். பழைய ஆணையை அந்த இடத்திலேயே ரத்து செய்தார். பிறகு உற்சாகம் தாங்காமல் எழுந்து நின்று, இனி இந்த மண்டபத்தில் எவரும் எதையும் பேசலாம், இதை மறுத்து ஒருவரும் பேசக்கூடாது என்று முழங்கினார்.

எல்லாரும் தலை குனிந்தார்கள். பின்வரிசைக்கு நகர்ந்துவிட்டிருந்த கீர்த்திவாசர் மட்டும் மெல்ல எழுந்தார்.

"மகாராஜா, முதலில் தங்கள் கட்சியை எடுத்துச் சொல்கிறேன். சரிதானா என்று பாருங்கள்" என்றார்.