பங்க் முதலாளியின் வெள்ளைச் சட்டை

சங்கரலிங்கம் என்றொரு பெட்ரோல் பங்க் முதலாளி இருந்தார். பூமிக்கடியில் அவர் புதைத்திருந்த தொட்டி கசிந்து, பக்கத்துத் தெருவின் ஒரே கிணற்றில் பெட்ரோல் வாடை அடித்தது. கிணற்றடியில் வண்டி போட்டுத் துணி தேய்க்கும் பேச்சித்தாய் புகார் கொடுத்தாள். மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி விசாரிக்க வந்தார்.

"தண்ணி இளநீர் மாதிரி இருக்கு சார்," என்றார் முதலாளி. "இவளுக்குப் பொறாமை. நான் இன்னொரு பங்கும் திறந்துட்டேன், இவ இன்னும் தள்ளுவண்டியிலயே நிக்கிறா. வயிறு எரியுது."

அதிகாரிக்கு அன்று கடும் சளி. வாடை தெரியாமல் கிளம்பப் பார்த்தார். அவர் போய்விட்டால் தெரு முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும்.

"பொறாமைதான் சார், மறைக்கல," என்றாள் பேச்சித்தாய். "இவர் வீட்டுக்கு லாரியில தண்ணி வருது. எங்களுக்கு வயிறு எரியாதா?"

சொல்லிக்கொண்டே, முதலாளி தேய்க்கக் கொடுத்திருந்த வெள்ளைச் சட்டையை வண்டியில் விரித்தாள். வாளியில் இறைத்து வைத்திருந்த கிணற்று நீரை மேலாக அள்ளி, சொட்டச் சொட்டத் தெளித்தாள். கரி கனன்ற இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள்.

"ஏய், வேண்டாம்! பத்திக்கும்!" என்று அலறிப் பாய்ந்து சட்டையைப் பிடுங்கினார் முதலாளி.

அதிகாரி திரும்பிப் பார்த்தார். "இளநீர் எப்படிய்யா பத்தும்?"

அன்றே பங்குக்குப் பூட்டு விழுந்தது, தொட்டியைத் தோண்ட உத்தரவும் வந்தது.

ஈரச் சட்டையோடு நின்றவரிடம் பேச்சித்தாய் சொன்னாள்: "உங்க வீட்டு லாரித் தண்ணி ஒரு செம்பு கொடுத்தனுப்புங்க முதலாளி, அலசித் தேய்ச்சுத் தர்றேன்."